உலைக்காரன் ஹாலெட்டின் மேல் விழுந்த பழி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் யோகராஜா மாஸ்டரைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. அவர் பத்தொன்பது வருடமாக என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று தெரிந்த சனம் அதைவிடக் குறைவு. கேட்டவர்களுக்கு அவர் ஒளிக்காமல் சொல்லத்தான் செய்தார்.

"இங்கிலாந்து ராசாமாரின்ரை அரண்மனையிலை இரசாயனம் எப்பிடித் தொடங்கினது எண்டு எழுதுறன்" என்பார்.

கேட்டவர் "அது நல்ல விசயம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, தன் மகளுக்கு ஏ லெவல் கெமிஸ்ட்ரிக்கு ரியூசன் எடுக்க ஏலுமா என்று கேட்பார். புத்தகத்தைப் பற்றிய விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் அவர் இரசாயனம் படிப்பித்தவர். லண்டனில் ஒரு வகுப்பறைக்குள்ளும் அவரை யாரும் கூப்பிடவில்லை. பட்டத்தைச் சமப்படுத்த வேண்டும் என்றார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வரவேண்டும் என்றார்கள். கடிதம் வருவதற்கிடையில் பெற்றோல் நிலையத்தில் வேலை கிடைத்தது. பிறகு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அங்கே இருபது வருடம் போனது, கூடவே முதுகும் போனது. கடிதம் வந்தபோது அதை எந்த மேசை லாச்சிக்குள் வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை.

இரண்டாம் சார்ள்ஸ் என்ற அரசன் வைற்ஹோல் அரண்மனையில் தன் அறைக்குக் கீழே உலை போட்டு, நேரம் கிடைக்கும்போதெல்லாம் இறங்கிப் போய்ப் பாதரசத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தான் என்று அவர் ஒரு நூலகப் புத்தகத்தில் வாசித்தது 2004இல். அன்றைக்குப் பிடித்த பித்து பிறகு விடவில்லை. மனித மண்டையோட்டை வடித்தெடுத்த மருந்துக்கு "அரசனின் துளிகள்" என்று பெயர் இருந்ததாம். சாகக் கிடந்த அரசனுக்கு அதையே பருக்கினார்களாம். நம்முடைய சித்தர்கள் ரசங் கட்டுதல் என்று பாடிவைத்த அதே வேலையை, தலையில் பொய்மயிர் வைத்த துரைமார் தேம்ஸ் கரையில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். தங்கம் செய்யப் போனவர்களின் கரிக்கும் புகைக்கும் நடுவிலிருந்துதான் தான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த பாடம் முழுவதும் வந்தது என்று கண்டபோது மாஸ்டருக்குக் கண் கலங்கியது. இதைத் தமிழில் எழுத ஒரு ஆள் வேண்டாமா என்று நினைத்தார். அந்த ஆள் தான்தான் என்று முடிவெடுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். ஒவ்வொரு வியாழனும் பஸ் எடுத்து ரிச்மண்டுக்குப் போய், ரயில் மாறி, கியூவில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போவார். அங்கே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டுந்தான். மனைவி பாலாம்பிகை இரண்டு பென்சிலைச் சீவி, இடியப்பத்தையும் சம்பலையும் கட்டிக் கொடுப்பாள். முந்நூறு வருடத்துக்கு முந்திய கையெழுத்தை வாசிக்கப் பழகவே அவருக்கு நாலு வருடம் எடுத்தது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுத்தெழுத்தாகத் தானே பிடித்தார்.

அப்படிக் கிடைத்தவன்தான் தோமஸ் ஹாலெட். அரசனின் உலைக்கு நெருப்புப் பார்த்த வேலைக்காரன். எந்தச் சரித்திரத்திலும் அவன் பெயர் இல்லை. அரசன் உலைக்குள் எட்டிப் பார்த்தான் என்று எழுதினவர்கள், அந்த உலை அணையாமல் இரவு பகலாக முழித்திருந்தது யார் என்று எழுதவில்லை. கரியும் ரசமும் வாங்கியதற்கு உலைக்கூடத்து நாட்குறிப்பில் "பெற்றுக்கொண்டேன், தோ. ஹாலெட்" என்று அவன் வைத்த கையெழுத்தைக் கண்ட நாளில், மாஸ்டர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார்.

"பாலா, நான் தேடின ஆள் கிடைச்சிட்டான். கொட்டகையிலை நிக்கிற என்னைப்போலை ஒருத்தன்."

"அப்ப அவனும் முதுகு நோவெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பான்" என்றாள் பாலாம்பிகை.

நோவு இருக்கத்தான் செய்தது. ஏழு வருடம் கழித்து இன்னொரு ஆவணக் கட்டுக்குள் ஹாலெட்டின் விண்ணப்பம் ஒன்று அகப்பட்டது. கை நடுங்குகிறது, இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை, பல்முரசு வீங்கிப் பற்கள் விழுந்துவிட்டன, பன்னிரண்டு மாதம் ரசத்தின் மேல் குனிந்து நின்றதால் வந்தது இது, என்னை உலையைவிட்டு எடுத்து அரசரின் வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள் என்று கேட்டிருந்தான். கையெழுத்து, புழு ஊர்ந்ததுபோல் நெளிந்து கிடந்தது. பின்பக்கத்தில் யாரோ ஒரு எழுத்தர் "ஒருபக்கம் வைக்கவும்" என்று குறித்திருந்தார்.

விண்ணப்பத்தின் தேதி 1684 ஜனவரி 20.

மாஸ்டர் நாட்குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1684 மே மாதம் ஹாலெட் கரி வாங்கியிருக்கிறான். யூனில் ரசம் வாங்கியிருக்கிறான். ஓகஸ்ட், ஒக்டோபர், டிசெம்பர் என்று மாதாமாதம் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொன்றும் கம்பிபோல் நேராக இருக்கிறது. ஜனவரியில் பேனா பிடிக்க முடியாமல் நடுங்கிய கை, மே மாதத்தில் எப்படித் திடமானது? போதாததற்கு ஒக்டோபர் குறிப்பில் ரசம் இரண்டு றாத்தல் குறைகிறது என்று வேறு எழுதியிருந்தது.

அன்றைக்கு மாஸ்டர் ரிச்மண்டில் இறங்க மறந்து அதே ரயிலில் இருந்துவிட்டார். நம்பினவன் ஏமாற்றினால் வருகிற கோபம் வேறு மாதிரி. அவரைப் போல ஒருவன் என்று அவர் நினைத்த ஆள், நோயை நடித்துக் கையெழுத்தைக் கோணலாக்கி, அரசனின் வைத்தியர்களைப் பேய்க்காட்டப் பார்த்து, அது சரிவராமல் திரும்ப வேலைக்கு வந்து ரசத்தையும் களவெடுத்திருக்கிறான். அந்தக் கோபத்தோடு அவர் ஆறாம் அத்தியாயத்தை எழுதினார். மற்ற அத்தியாயங்கள் பாடப் புத்தகம்போல் நடக்க, ஆறாவது மட்டும் துப்பறியும் கதைபோல் ஓடியது. இரண்டு கையெழுத்துகளின் படத்தையும் தேதியோடு பக்கத்துப் பக்கத்தில் போட்டார். கீழே, பக்கம் 211இல் தீர்ப்பையும் எழுதினார். "இவன் கூற்று நம்பத்தகுந்ததன்று."

புத்தகம் சென்னையில் அச்சாகி, முந்நூறு பிரதி ஹவுன்ஸ்லோ வீட்டு விறாந்தையில் வந்து இறங்கியது. சனிக்கிழமை வெளியீட்டு விழா. வியாழக்கிழமை மாஸ்டர் ஒரு பிரதியும் ஒரு அழைப்பிதழும் எடுத்துக்கொண்டு கியூவுக்குப் போனார். வாசிப்பறை மேசையில் இருக்கும் ஹெலன் என்ற பெண், பதினொரு வருடமாக அவருக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தவள். அவளுக்கு முதலில் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கையெழுத்துப் படங்கள் வந்ததும் நின்றாள். தமிழுக்கு நடுவே இலக்கங்கள் மட்டும் அவளுக்கு விளங்கின.

"ஜனவரி 1684" என்று ஒன்றைத் தொட்டாள். "நம் கணக்கில் இது 1685 அல்லவா? ஏன் மே மாதத்துக்கு முன்னால் போட்டிருக்கிறீர்கள்?"

அவர் குனிந்து அந்த இலக்கத்தைத் திரும்பப் பார்த்தார்.

"அந்தக் காலத்தில் மார்ச் இருபத்தைந்தில்தானே இங்கே புது வருடம். டிசெம்பர் 1684க்கு அடுத்து வந்தது ஜனவரி 1684. உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தாள். அவள் குத்திக் காட்டவில்லை. இது தெரியாமல் ஒருவர் பத்தொன்பது வருடம் இங்கே வந்துபோயிருப்பார் என்று அவளால் நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். இங்கே பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டருக்குத்தான் முதல் வாரம் என்று ஒன்று இருக்கவேயில்லை.

"ஓம்... தெரியும்" என்று அவர் தமிழில் சொன்னார். அழைப்பிதழைக் கொடுக்க மறந்து வெளியே வந்துவிட்டார்.

குளத்துப் பக்கம் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது. திடமான கை முதலில், நடுங்கிய கை பிறகு. டிசெம்பர் வரை உலையில் நின்றவன் ஜனவரியில் விழுந்திருக்கிறான். அவன் எழுதி வைத்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது, ஒரு சொல்கூடப் பொய்யில்லை. விண்ணப்பம் கொடுத்துப் பதினேழாம் நாள் அரசனே செத்துப்போனான். இருந்த வைத்தியர் எல்லாரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஹாலெட்டின் கடதாசி ஒருபக்கம் வைக்கப்பட்டபடியே கிடந்திருக்கிறது, முந்நூறு வருடத்துக்கு மேல். அதைக் கடைசியாக எடுத்து வாசித்த ஒரே மனிதன், நீ பொய்யன், கள்ளன் என்று அச்சடித்திருக்கிறான். குறைந்த இரண்டு றாத்தல் ரசம் எங்கே போனது என்று இரசாயனம் படிப்பித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சூடாக்கினால் ஆவியாகும். அந்த ஆவியைத்தான் ஹாலெட் பன்னிரண்டு மாதம் சுவாசித்திருக்கிறான்.

தை பிறந்தாலும் வருடம் பிறக்காது, சித்திரையில்தான் பிறக்கும் என்று மூன்று வயதிலிருந்து தெரிந்த மனிதன் இவர். 1960 மாசியில் பிறந்தவர். சாதகத்தில் விகாரி வருடம், அதற்கு முந்திய சித்திரையில் தொடங்கிய வருடம், என்று எழுதியிருக்கிறது. உலகத்தில் யாருக்கு இந்தப் பிழை வந்தாலும் ஒரு தமிழனுக்கு வந்திருக்கக்கூடாது. ஆனால் இங்கிலாந்துக்காரனுக்கும் அப்படி ஒரு சித்திரை இருந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஜனவரி என்று எழுதினால் அது அவர்களுடைய கலண்டர், அதில் குழப்பம் இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, விறாந்தையில் புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சப்பாத்தோடே இருந்துவிட்டார். பாலாம்பிகை தேத்தண்ணீர் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், கடைசியில் முன்னால் வந்து இருந்தாள்.

"என்னப்பா நடந்தது? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

அவர் சொன்னார். அவளுக்கு விளங்கும்வரை இரண்டு தரம் சொன்னார்.

"ஆறாம் அத்தியாயம் பிழை. அதுக்குப் பிறகு வாற ரெண்டும் பிழை. அவன் உண்மை சொன்னவன், பாலா."

"அந்த மனுசன் செத்து எத்தினை வருசம்? சனிக்கிழமை வாற சனத்திலை ஆருக்கு இது தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பிறகு அவர் எழுந்து போய் அலுமாரியின் அடியில் இருந்த பழைய கடிதக் கோப்பை எடுத்து வந்தார். 1997இல் கொழும்பு லொட்ஜில் வைத்து மாஸ்டரைப் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். தை அமாவாசை விரதத்துக்கு மறுநாள். லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்ப நேர்காணலில் அவர் அப்படித்தான் சொன்னார். மொழிபெயர்த்தவர் தை என்றால் ஜனவரி என்றார். அதிகாரி ஜனவரியின் அமாவாசையைப் பார்த்து, மறுநாள் பத்தாம் திகதி என்று எழுதிக்கொண்டார். அங்கே பட்ட காயத்துக்கு மருந்து கட்டிய டாக்டரின் கடிதத்தில் பிடிபட்ட நாள் பெப்ரவரி எட்டு என்று இருந்தது. தை மாதம் பெப்ரவரி நடுவரை நீளும் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. மாஸ்டரிடம் கேட்கவும் இல்லை. இரண்டு திகதியும் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருடம் மேல்முறையீடு, எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்ற பயம்.

நிராகரித்த கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"உமது கூற்று நம்பத்தகுந்ததன்று."

பாலாம்பிகை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஆறாம் அத்தியாயத்தைத் தட்டச்சுச் செய்து கொடுத்தவள் அவள்தான்.

"நான் உந்த வசனத்தை எங்கையிருந்து எடுத்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை" என்றார் அவர். "இவ்வளவு நாளும் எனக்குள்ளை கிடந்திருக்குது."

வெள்ளிக்கிழமை முழுவதும் இருவரும் பிழைதிருத்தத் துண்டு வெட்டினார்கள். ஆறு, ஏழு, எட்டாம் அத்தியாயங்கள் தவறு, ஹாலெட் குற்றமற்றவன், தேதியைப் புரிந்துகொள்ளாதது என் பிழை என்று நாலு வரி. முந்நூறு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்துக்குள். விழா அமைப்பாளர் சுஜீத், பாங்கில் வேலை செய்யும் சுறுசுறுப்பான பிள்ளை, விழாவை நிறுத்துவோம் என்று மாஸ்டர் சொன்னதும் தொலைபேசியில் கெஞ்சினான்.

"அங்கிள், ஹோல் எடுத்தாச்சு, ரோல்சுக்கும் தேத்தண்ணிக்கும் ஓடர் குடுத்தாச்சு. இப்ப நிப்பாட்ட ஏலாது. நீங்கள் ஏற்புரையிலை சொல்லுங்கோவன்."

அது மாஸ்டருக்கும் சரி என்று பட்டது. எழுத்தில் சொன்ன பழியை நாலு பேர் முன்னால் வாயால் எடுத்துவிட்டால், ஹாலெட்டுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும். அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மண்டபத்தில் நூற்றியிருபது பேர். விளக்கேற்றினார்கள், மாண்டவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினார்கள், இரண்டு பிள்ளைகள் பரதம் ஆடினார்கள். ஆய்வுரைக்கு வந்த ஓய்வுபெற்ற அதிபர் சண்முகராசா முன்னுரையை மட்டும் வாசித்திருந்தார் என்பது அவர் பேச்சின் இரண்டாம் நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மிச்ச இருபத்தெட்டு நிமிடமும் திருமூலரைப் பற்றிப் பேசினார். முதற் பிரதியை ஒரு நகைக்கடை முதலாளி வாங்கிக்கொண்டு கமெராவைப் பார்த்தார். பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியாக ஏற்புரை.

மாஸ்டர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் தாள் இல்லை.

"சபையோருக்கு வணக்கம். நான் நீளமாய்ப் பேசப்போறேல்லை. இந்தப் புத்தகத்திலை பெரிய பிழை இருக்குது. இதை எழுத எனக்குத் தகுதி இல்லை."

முன்வரிசையில் சண்முகராசா தலையை ஆட்டி ரசித்தார். யாரோ கை தட்டத் தொடங்க, மண்டபம் முழுவதும் தட்டியது.

மாஸ்டருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் மேடைகளில் இதைச் சொல்லாத எழுத்தாளர் யார்? நான் சிறியவன், என் நூலில் குற்றம் மலிந்திருக்கும், பெரியோர் பொறுத்தருள்க என்று சொல்லாமல் ஒருவரும் இறங்கியதில்லை. எவ்வளவு பணிவாகச் சொல்கிறாரோ அவ்வளவு பெரிய ஆள். ஆயிரம் வருடமாகப் புலவர்கள் பொய்யாகச் சொல்லிப் பழக்கியதை, இன்றைக்கு ஒருவர் உண்மையாகச் சொல்ல வந்து நிற்கிறார்.

"இல்லை. இது அவையடக்கம் இல்லை" என்றார். "நான் உண்மையாய்ச் சொல்லுறன். ஹாலெட் எண்ட ஒரு ஏழையை நான் கள்ளன் எண்டு எழுதியிருக்கிறன். அவன் கள்ளன் இல்லை. நான்தான் பிழை விட்டனான். தயவுசெய்து அந்தத் துண்டை வாசியுங்கோ."

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக வந்தது. பின்னால் இருந்த சிலர் எழுந்தும் தட்டினார்கள். சுஜீத் ஒலிவாங்கியை மெல்ல வாங்கி, சபையைப் பார்த்துப் பேசினான். "பார்த்தீர்களா சபையோரே, நிறைகுடம் என்றால் இவர்தான். எங்கள் இளம் தலைமுறை இந்த அடக்கத்தைப் படிக்க வேண்டும்." பாலாம்பிகை மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருந்தாள்.

ரோல்சும் தேத்தண்ணீரும் முடிந்து சனம் போன பிறகு, கதிரைகளை அடுக்கும்போது அவர் கீழே கிடந்த துண்டுகளைக் கண்டார். புத்தகத்தைப் பிரித்தவுடன் விழுந்தவை. எண்ணெய் பட்ட விரலை யாரோ ஒன்றில் துடைத்திருந்தார்கள். மாஸ்டர் குனிய முடியாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பாலாம்பிகை வந்து அவரை எழுப்பிவிட்டு, மிச்சத்தைத் தான் பொறுக்கினாள்.

பிறகு யாரும் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் கண்டவர்கள் விழா நன்றாக இருந்தது என்றார்கள். ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், போனது. மாஸ்டர் வியாழக்கிழமைகளில் கியூவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாலாம்பிகை சீவி வைத்த இரண்டு பென்சிலும் மேசையில் அப்படியே கிடந்தன.

எட்டாம் கிழமை ஒரு மத்தியானம் தொலைபேசி வந்தது. கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஜெராட் என்று ஒருவர். விழாவுக்கு வரவில்லையாம், மச்சான் வீட்டில் கிடந்த பிரதியை எடுத்து வாசித்தாராம். பஸ் ஓட்டுகிறவர், படித்த ஆளில்லை, கோபிக்க வேண்டாம் என்று தொடங்கினார்.

"முழுக்க வாசிச்சிட்டன் மாஸ்டர். முதல் மட்டையிலையிருந்து கடைசி மட்டை வரைக்கும். ஆறாம் அத்தியாயத்தை மூண்டு தரம் வாசிச்சன். மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன்."

பத்தொன்பது வருடமாக அவர் காத்திருந்த வாசகர் இவர்தான். இப்படி ஒருவர் வருவார் என்றுதான் அவர் எழுதினார்.

"அந்தக் கள்ளன் ஹாலெட்டை என்ன மாதிரிப் பிடிச்சியள்" என்றார் ஜெராட். "ரெண்டு கையெழுத்தையும் பக்கத்திலை வைச்சுக் காட்டினியளே, எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. இப்ப எங்கடை டிப்போவிலை ஆரும் சுகமில்லை எண்டு லீவு கேட்டாலே நாங்கள் அவனை ஹாலெட் எண்டுதான் கூப்பிடுறனாங்கள்."

"தம்பி, உள்ளுக்கை ஒரு துண்டு இருந்திருக்குமே" என்றார் மாஸ்டர்.

"என்ன துண்டு மாஸ்டர்? ஒண்டும் இருக்கேல்லையே."

மாஸ்டர் முழுவதையும் சொன்னார். மார்ச் மாதத்துப் புது வருடம், டிசெம்பருக்குப் பிறகு வந்த ஜனவரி, பதினேழாம் நாள் செத்த அரசன், எல்லாவற்றையும். ஜெராட் மரியாதையாக, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நீங்கள் நல்ல மனுசன்" என்றார் ஜெராட். "அதுதான் செத்தவனுக்கும் இரங்கிறியள். ஆனால் நீங்கள் எழுதினதை நான் வாசிச்சனான். அவன் கள்ளன்தான்."